கண்ணாமுனை பஸ் வரும்

பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பேச வரும்படி என்னை அழைத்தவர்கள், என்னைக் கூட்டிப்போகக் கார் அனுப்பியிருந்தார்கள். என் வீட்டுப் பக்கத்துத் தன்னாமுனைச் சந்தியில் ஏறினால் பஸ்ஸிலேயே வந்துவிடுவேன் என்று தொலைபேசியில் சொன்னேன். "சேச்சே, உங்களப் போய் பஸ்ஸில வரவைக்கிறதா அங்கிள்? எங்களுக்கு வெட்கமில்லையா?" என்றது மறுமுனையில் பேசிய பிள்ளை. மாதாவே! எந்த மரியாதையால் ஒரு பஸ் செத்துப்போனதோ, அதே மரியாதை எனக்கே வந்து சேர்ந்தது.

கூட்டம் கல்லடியில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு விடுதியில். வெளிநாட்டுப் பயணிகளைக் காரிலும் வேனிலுமிருந்து இறக்கி பஸ்ஸில் ஏற்றுவது எப்படி என்பதுதான் பேச்சு. விடுதி வாசலில் கார் விட இடமில்லாமல் காவலாளி விசில் ஊதி ஊதிக் களைத்துப்போய் நின்றான். உள்ளே திரையில் படம் படமாகக் காட்டினார்கள். என்னையும் எழுப்பி, முப்பது வருடம் நடத்துனராக இருந்த அனுபவசாலி என்று கைதட்டி, இரண்டு வார்த்தை சொல்லச் சொன்னார்கள். "நல்ல முயற்சி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சரியாக இரண்டு வார்த்தை.

வெளியே வரும்போது இப்போது வேலையில் இருக்கும் நடத்துனர் ஒருவர் பக்கத்தில் வந்தார். "அண்ணன், கண்ணாமுனை பஸ்ஸ ஏன் நிப்பாட்டினவங்க? நட்டமெண்டு சொல்றாங்க, மெய்யா?" என்று கேட்டார். நட்டம்தான் தம்பி. ஆனால் யாரால் நட்டம் என்பதை நின்ற நிலையில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிரச்சினைக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. டிக்கட் கிழிப்பது, படியில் தொங்குபவனை உள்ளே இழுப்பது, சோதனைச் சாவடியில் சனத்தை இறக்கி நடக்கவிட்டு அந்தப் பக்கம் மறுபடி ஏற்றும்போது ஒருவரும் குறையாமல் பார்த்துக்கொள்வது. இவ்வளவையும் ஒரு கிழட்டு நடத்துனர் எனக்குக் கற்றுத் தந்தார். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய பாடம். மற்றதெல்லாம் போகப் போக வந்தது.

இராசநாயகம் சேர் எங்கள் டிப்போவுக்கு முகாமையாளராக வந்தது சண்டை முடிந்த பிறகு. அவருக்கென்று ஜீப் இருந்தது. அவர் பஸ்ஸில்தான் வருவார். இருக்கை இருந்தாலும் இருக்கமாட்டார், நடுவில் கம்பியைப் பிடித்து நிற்பார். குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. காலையில் பஸ் புறப்படுமுன் ஏறுவார், மடித்த வெள்ளைக் கைலேஞ்சியை எடுத்துக் கைப்பிடிக் கம்பியை ஒரு இழுப்பு இழுப்பார், அழுக்கை எங்களிடம் காட்டுவார், ஒன்றும் பேசாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்கிப்போவார். ஏச்சு வாங்கியிருந்தாலும் மனம் ஆறியிருக்கும். அந்த அழுக்கை அவர் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அவர் மனைவி துவைக்கப்போகிறா என்று நினைத்தால் சாப்பாடு இறங்காது. அடுத்த நாள் டிரைவரும் நானும் போட்டி போட்டுக்கொண்டு கம்பி துடைப்போம்.

வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கண்ணாமுனை. கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஊர். பெரிய ரோட்டுக்கு வர வயல் வட்டைகளுக்கு நடுவே நெடுந்தூரம் கிரவல் ரோட்டில் வரவேண்டும். மட்டக்களப்புப் பட்டணத்துப் புளியந்தீவிலிருந்து அங்கே காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் பஸ் போய்வரும். காலையில் வரும்போது பள்ளிப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிச் சனமும் நிறைந்து வரும். பின்னேரம் அவர்களைக் கொண்டுபோய் விட்டுத் திரும்பும்போது டிரைவரும் நானும் இரண்டு கொசுவும்தான் வருவோம். கொழும்பில் இருந்தவர்கள் இந்த வெறும் பஸ்ஸைப் பார்த்துவிட்டார்கள். நிறுத்து என்று சொல்லிவிட்டார்கள்.

அப்போதுதான் வெளிநாட்டார் வரத் தொடங்கியிருந்தார்கள். கண்ணாமுனையில் பறவை பார்க்கலாம், வாவிக்குள் பொழுது இறங்குவதைப் பார்க்கலாம் என்று யாரோ எழுதிவிட, விடுதிகளிலிருந்து வேன்கள் அந்தக் கிரவல் ரோட்டை உழுதுகொண்டு ஓடின. பள்ளிப் பிள்ளைகள் புழுதிக்குள் நின்றார்கள். சேர் அந்த வேன்களைப் பார்த்துத்தான் யோசித்திருக்கிறார். எப்படியும் போகிற பஸ், எப்படியும் வருகிற பஸ். அந்த வெள்ளைக்காரர்கள் இதில் ஏறினால் புழுதியும் குறையும், வெறும் பஸ்ஸும் நிறையும், ஊர்ச் சனத்துக்கும் பஸ் நிலைக்கும். கொழும்புக்குப் போய் மன்றாடி, பரீட்சார்த்தமாக ஓட்ட அனுமதி வாங்கி வந்தார். வெளியூர்ப் பயணிகள் ஏறினால் பஸ் ஓடும், ஏறாவிட்டால் நிற்கும். இதுதான் பேச்சு.

என்னைக் கூப்பிட்டு, "செபஸ்தி, உனக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார்.

"யெஸ், நோ, தேங்க்யூ சேர்."

"அதுவே கூட. உனக்கு ஒரு வசனம் போதும். பஸ் வில் கம். இதை மட்டும் சொல்லு. வேன்காரன் ஆயிரம் சொல்லுவான், அழகெண்டுவான், மலிவெண்டுவான். பயணத்தில வந்தவனுக்கு ஒரே பயம்தான், பஸ் வருமா வராதா எண்டு. நீ வரும் எண்டு சொல்லு. சொன்னாப் பிறகு வரவேணும். வராட்டி நீயும் நானும் பொய்யர்."

நான் சொன்னேன். புகையிரத நிலைய வாசலில் நின்று சொன்னேன், விடுதி விடுதியாகப் போய்ச் சொன்னேன். கண்ணாமுனையில் கடைசித் தரிப்பிடத்து ஆலமரத்தில் ஆங்கிலத்தில் நேரப் பலகை ஒன்று எழுதுவித்து, நானே ஆணி அடித்தேன். ஓட்டோக்காரர்கள் என்னை 'பஸ்விற்கம்' என்று பட்டம் வைத்துக் கூப்பிட்டார்கள். கூப்பிடட்டும்! ஒருவர் வந்தார், இருவர் வந்தார், பிறகு கூட்டமாக வந்தார்கள். பின்னேர பஸ்ஸில் முதுகுப் பைகளோடு ஏறினார்கள். பொழுது இறங்கும் வரை பஸ் காத்து நிற்கும். சிவந்த முகங்களோடு திரும்பி வருவார்கள். வெறும் பஸ் நிறைந்து வந்த அந்த நாட்களில் நான் வீட்டிலும் சிரித்த முகமாக இருந்தேன் என்று என் மனைவி இப்போதும் சொல்லுவாள்.

சரி. இனித்தான் சங்கடம்.

பாலிப்போடியார் கண்ணாமுனைக்காரர். போடியார் என்றால் எங்கள் பக்கம் வயல்காரப் பெரிய மனிதர். இவரிடம் மிச்சமிருந்தது வட்டையில் ஒரு துண்டு வயலும் அந்தப் பெயரும்தான். அவர் மனைவி நல்லம்மா அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. கிழமை தவறாமல் பெரியாஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரித்து வரவேண்டும். காலை பஸ்ஸில் போவா, பின்னேர பஸ்ஸில் வருவா. வரும்போது ஆள் துவண்டுபோய் இருப்பா. சில நாள் சத்தி எடுப்பா. அதற்காக இடது பக்கம், மூன்றாவது இருக்கை, ஜன்னலோரம் அவவுக்கென்றே விட்டிருந்தோம். எழுதி ஒட்டவில்லை. ஊருக்கே தெரியும். மடியில் ஒரு பொலித்தீன் பையும் ஒரு தேசிக்காயும் வைத்திருப்பா. தேசிக்காயை முகர்ந்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, காற்றுப்படும் பக்கம் முகத்தைத் திருப்பி இருப்பா.

ஒருநாள் பின்னேரம் வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஏறினார்கள். பஸ் நிறைந்துவிட்டது. அவர்கள் சந்தோசமாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நின்றால்தான் வாவி தெரியும் என்று அந்த மனுசி கையால் காட்டினா. எனக்கு விளங்கியது. ஊருக்கு விளங்கவில்லை.

"என்ன கா இது, வந்த சனத்த நிக்கவெச்சா கொண்டுபோற?" என்று போடியார் எழும்பினார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பினார். முன்னால் இருந்த ரீச்சர் எழும்பினா. அந்த மனுசி "நோ, நோ" என்று கும்பிடுகிறா. இவர்கள் "இரிங்க, இரிங்க" என்று கும்பிடுகிறார்கள். யேசுவே, இருக்கைகள் எல்லாம் வெறுமையாக, சனமெல்லாம் நின்றபடி, ஒரு முழு பஸ் பாலத்தைக் கடந்த காட்சியை நான் கண்ணால் கண்டேன். கடைசியில் நல்லம்மா அக்கா அந்தத் தேசிக்காயோடு மெல்ல எழும்பினா. முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலோர இருக்கையை அந்த மனுசிக்குக் காட்டி, "இஞ்ச காத்து வரும் மனே" என்று பிள்ளையைக் கூப்பிடுவதுபோலச் சொன்னா.

அதுவரை பொறுத்திருந்த நான் கத்தினேன். "அக்கா, இரிங்க! எல்லாரும் இரிங்க! இது பஸ்ஸா, கலியாண வீடா?"

சேரும் அன்று பஸ்ஸில் இருந்தார். வழமைபோல் நடுவில் நின்றார். மெல்லிய குரலில், "போடியார், இது வீடில்லை. பஸ். வாறவங்க நிண்டும் வருவாங்க. அவங்களை விடுங்க" என்றார்.

"வீடில்லயா சேர்?" போடியார் திரும்பினார். கோபமில்லை, உண்மையாகவே விளங்காத முகம். "பஸ் எங்கட ஊருக்குத்தானே போகுது? ஏறின உடனேயே அவங்க எங்கட வீட்டு ஆக்கள். எங்கட ஆக்கள எப்பிடிச் சேர் நிக்கவெக்கிற?"

சேர் கைலேஞ்சியை எடுத்தார், துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தார். நான் நல்லம்மா அக்காவின் தோளைப் பிடித்து இருக்கவைத்தேன். அந்த வெள்ளைக்கார மனுசியின் முகம் வாடிவிட்டது. தன்னால் ஒரு நோயாளி எழும்பினா என்பது அவவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

கண்ணாமுனையில் இறங்கியதும் போடியார் விட்டாரா? அந்த இருவரையும் கையோடு வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். மட்டக்களப்புக்கு வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் பயந்து சொல்லுவார்கள், ஏதோ மந்திரம் என்று. மந்திரமுமில்லை, ஒன்றுமில்லை. சோறும், இறால் கறியும், சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத எருமைத் தயிரும்தான். பொழுது இறங்கியது. பஸ் புறப்படும் நேரம். டிரைவர் ஹோன் அடித்தார். போடியார் எச்சில் கையை உயர்த்திக்கொண்டு வளவால் ஓடிவந்தார்.

"செபஸ்தி, தின்னுறாங்கடா மனே! தின்னுற ஆக்கள எழுப்புறதா? நீ போ, நான் கொண்டு விடுறன்."

"எதில போடியார் விடுவீங்க?"

"மருமகன் ரவி நெல்லேத்துற வேன் இரிக்கெல்லுவா? ரெண்டு கதிரையப் போட்டா விசயம் முடிஞ்சுது."

பஸ் நேரத்துக்குப் புறப்பட்டது. அது சேர் வைத்த சட்டம். நான் பின்கதவில் நின்று திரும்பிப் பார்த்தேன். விறாந்தையில் அவர்கள் இரண்டு பேரும் சப்பாணி கட்டி இருந்து, கையால் தயிர் பிசைந்து, குழந்தைகள்போலச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கே அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அவர்கள் ஊருக்குப் போய் இணையத்தில் நன்றாக எழுதிவிட்டார்கள். பஸ்ஸில் போகவேண்டாம், உங்களால் நோயாளிகளும் கிழவர்களும் இருக்கையை விட்டு எழும்புவார்கள், அது பாவம். கண்ணாமுனையில் போடியாரின் குடும்பம் இருக்கிறது, வேன் இருக்கிறது, சோறு இருக்கிறது என்று. விடுதியில் ஒரு பையன் எனக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினான். அதில் ஒரு பொய்கூட இல்லை. கெட்டவன் எழுதியிருந்தால் ஏசித் தீர்த்திருக்கலாம். ஏச ஆளில்லாத கோபத்தை என்ன செய்வது?

ரவியின் வேனுக்கு நல்ல இருக்கைகள் வந்தன. பிறகு குளிரூட்டி வந்தது. அடுத்த வீட்டுக்காரரும் ஒரு வேன் எடுத்தார். என் பின்னேர பஸ் மெலியத் தொடங்கியது. நான் போடியாரிடம் போனேன்.

"போடியார், நீங்க வேன் விட்டா பஸ் நிண்டுரும்."

"என்னத்துக்கு நிக்கிற? ஷெல் அடிக்கக்குள்ளயே வந்த பஸ்ஸடா அது. அரசாங்கத்துர பஸ். அது நிக்கிறதெண்டா வாவி வத்தினமாதிரி."

"வெள்ளைக்காரர் ஏறினாத்தான் ஓடும் எண்டுதான் விட்டிரிக்காங்க. அக்காவுக்கு பஸ் வேணுமே."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "செபஸ்தி, நாங்க ஆரையும் கூப்பிடல்ல. வாறாங்க. வந்தவங்களுக்கு நான் என்ன சொல்லுற, போய் வெயிலுக்க பஸ்ஸுக்கு நில்லுங்க எண்டா? என்ர அப்பன் ஆத்தா என்னை அப்பிடி வளக்கல்ல மனே. நீ இரு. சாப்பிட்டுப் போ."

சாப்பிட்டேன். வேறென்ன செய்ய? மறுத்தால் அவர் அன்று சாப்பிடமாட்டார். உள்ளேயிருந்து வந்து நல்லம்மா அக்கா, நோய்க்குத் தான் தொடக்கூடாத தயிரை எனக்கு அள்ளி அள்ளி வைத்தா.

சேர் ஓய்வுபெற்றுப் போனார். போகும் அன்றும் கம்பியைத் துடைத்தார், அழுக்கைக் காட்டவில்லை. புதிதாக வந்தவர் கெட்டவரல்ல. மேலே கேட்டார்கள், வெளியூர்ப் பயணிகள் ஏறுகிறார்களா என்று. இல்லை என்பதுதான் உண்மை. கண்ணாமுனை பஸ் நின்றது. கடைசி நாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் பிள்ளைகள் ஆலமரத்தடியில் வெகு நேரம் நின்றார்களாம். போடியார்தான் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாராம். "நில்லுங்க புள்ளையள், வரும்" என்றாராம். கொஞ்ச நாளில் எனக்கும் ஓய்வூதியம் வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு ரவி சொல்லித்தான் தெரியும். பருவமில்லாத மாதங்களில் மாமி நல்லம்மா அக்காவை அவனே வேனில் கொண்டுபோய்க் கூட்டிவந்தான். பயணிகள் வரும் பருவத்தில் பின்னேரம் வேன் நிறைய வெள்ளைக்காரர். முன் இருக்கையை மாமிக்கு ஒதுக்கித்தான் வைத்தான். ஜன்னல் திறக்காத வேன். குளிரூட்டிக்குள், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால், சத்தி வந்தால் என்ன செய்வது என்று அவவுக்குக் கூச்சம். ஒருநாள் அப்படியே நடந்தும்விட்டது. ஒரு வெள்ளைக்காரப் பெட்டை முதுகைத் தடவி, தண்ணீர் கொடுத்து, நன்றாகத்தான் பார்த்திருக்கிறாள். அதுதான் இவவால் தாங்க முடியவில்லை. விருந்தாளி தனக்குப் பணிவிடை செய்வதா? அடுத்த முறை, "இந்தக் கிழம தேவல்லையெண்டு டாக்குத்தர் சொன்னவர்" என்றா. அதற்கடுத்த முறையும் அப்படித்தான். போடியார் நம்பினார். கால் வீங்கியபோது வேப்பிலைத் தண்ணீரில் ஒத்தடம் கொடுத்தார். மூச்சு முட்டியபோது எல்லாம் பிந்திப்போயிற்று. பஸ் ஓடியிருந்தால் அந்த மனுசி இருந்திருப்பா. இதை நான் எந்தக் கூட்டத்தில், எந்தத் திரையில் படம் போட்டுக் காட்ட?

செத்த வீட்டுக்கு நான் ஓட்டோவில் போய், அதைத் திருப்பி அனுப்பிவிட்டேன். போடியார் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். "பொய் சொல்லிப்போட்டாளடா செபஸ்தி, எனக்கிட்டயே பொய் சொல்லிப்போட்டாள்." எல்லாம் முடிந்து, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்டும்போது பின்னால் குரல் கேட்டது.

"செபஸ்தி! எங்க போற? நடந்தா? வந்த ஆள ரோட்டில நிக்க விடுறதா? ரவி, வேன எடு. தம்பியக் கொண்டு விடு."

அழுத கண்ணோடு, மொட்டையடித்த தலையோடு அந்த மனிதர் நின்றார். ஏறினேன். முன் இருக்கையில் இருக்கச் சொன்னான் ரவி. நான் பின்னால் போய் இருந்தேன்.

ஆலமரத்தடியில் ரவி வேகத்தைக் குறைத்தான். ஒரு வெள்ளைக்காரப் பொடியனும் பெட்டையும் முதுகுப் பைகளை நிலத்தில் வைத்துவிட்டு நின்றார்கள். முகமெல்லாம் வெயில் சுட்டுச் சிவந்திருந்தது. ஓட்டோவில் வந்து இறங்கி, பறவை பார்த்துவிட்டு, போகும்போது பஸ்ஸில் போகலாம் என்று நின்றிருக்கிறார்கள். வேனைக் கண்டும் கை காட்டவில்லை. அவர்களுக்கு வேன் வேண்டாம். நான் இத்தனை வருடமாகத் தேடித் திரிந்த பயணிகள் அவர்கள்தான். மரத்தில் நான் ஆணி அடித்த பலகை இன்னும் இருந்தது. ஒருவரும் கழற்றவில்லை.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். அந்தப் பிள்ளை பலகையைக் காட்டி, சிரித்த முகத்தோடு என்னிடம் கேட்டாள்.

"பஸ் வில் கம்?"

அந்த ஒரு வசனம்தான் எனக்குத் தெரியும். இல்லை என்பதை அதில் எப்படிச் சொல்வது என்று எனக்கு ஒருவரும் கற்றுத் தரவில்லை. நான் குனிந்து அவளுடைய பையைத் தூக்கி வேனுக்குள் வைத்தேன்.